சுவரில் மாட்டியிருந்த கண்மாய்

2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை. வழக்கம்போல ஐந்தேகாலுக்கு எழுந்து மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பும்வரை மாடியில் நின்று பூச்செடிகளில் காய்ந்த இலைகளைக் கிள்ளிப் போட்டேன். வாசலில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவி அடுப்படியில் வைத்தேன். சவரம், குளியல், விபூதி, மூன்று இட்லி, நேற்றைய சாம்பார். டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. பொன்னமராவதியிலிருந்து பள்ளிக்கு வண்டியில் இருபது நிமிடம். முதல் மணி அடிக்கும் முன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது இருபத்தோரு வருடப் பழக்கம். அன்றும் போட்டேன்.

இதையெல்லாம் நாட்குறிப்பில் தினமும் எழுதுகிறவன் நான். எழுதி வைத்தால் ஒரு நாள் எதனால் எப்படி ஆனது என்று பிறகு தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் புதன்கிழமைப் பக்கத்தை எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். நடந்தவை எல்லாம் வரிசையாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் எனக்கு விளங்கவில்லை.

நான் கணக்கு வாத்தியார். கட்டுரைப் போட்டிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. எங்கள் தமிழய்யா ஜூலை மாதம் வண்டியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு திருமயத்தில் தம் வீட்டில் படுத்திருந்தார். அந்த நேரம் பார்த்து மாவட்ட அளவிலான கட்டுரைப் போட்டி அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு பள்ளியும் தனக்குள் போட்டி வைத்து ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அதில் தேறுகிறவர்கள் புதுக்கோட்டைக்குப் போய் மேடையில் பரிசு வாங்குவார்கள். தலைப்பு, ‘எங்கள் ஊர் நீர்நிலை’. கட்டுரையோடு ஓர் உறுதிமொழியும் போக வேண்டும்: இது மாணவரின் சொந்தப் படைப்பு என்று மாணவரும் பொறுப்பாசிரியரும் கையெழுத்திட வேண்டும். எங்கள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, நீங்கள்தான் சார் எதையும் ஒழுங்காகச் செய்வீர்கள் என்று சொல்லிப் பொறுப்பை என் தலையில் கட்டினார். கூடவே, பிள்ளைகள் இப்போது எதைக் கேட்டாலும் போனைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள், அதனால் முதலில் படைப்புத் திருட்டைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் அந்த வகுப்பை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையே தயார் செய்திருந்தேன். கரும்பலகையில் பெரிதாக, ‘பிறர் எழுதியதைத் தன் பெயரில் எழுதுவது திருட்டு’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். அடுத்தவர் தோட்டத்தில் ஒருவன் தேங்காய் பறித்துக்கொண்டு வந்து என் மரத்துத் தேங்காய் என்று சொல்லி விற்றால் ஊர் என்ன செய்யும் என்று கேட்டேன். கட்டி வைத்து அடிப்பார்கள் சார் என்றான் கடைசிப் பெஞ்சில் ஒருவன். எழுத்தும் அப்படித்தான் என்றேன்.

அப்புறம் சந்தேகங்கள் வர ஆரம்பித்தன. கைடில் இருக்கிற கட்டுரையைப் பரீட்சையில் எழுதுகிறோமே, அதுவும் திருட்டா என்று ஒருத்தி கேட்டாள். பரீட்சை வேறு, போட்டி வேறு என்றேன். ஏன் வேறு என்று அவள் கேட்கவில்லை. இன்னொருவன் எழுந்து, “தேற்றத்துக்கு நிரூபணம் எழுதுறமே சார், அது நம்மளுதா?” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, உட்காருடா என்றேன். பிறகு கரும்பலகையில் இருந்த வரியை எல்லோரையும் மூன்று முறை சேர்ந்து சொல்லச் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொள்ளவும் சொன்னேன். மறுநாள் படைப்புத் திருட்டு என்றால் என்ன என்று கேட்டபோது ஒரு சொல்கூட மாறாமல் வகுப்பு முழுவதும் ஒப்பித்தது. புரிந்துகொண்டார்கள் என்று திருப்திப்பட்டேன்.

புதன்கிழமை முதல் இரண்டு பீரியட் போட்டி. பெயர் கொடுத்தவர்கள் பதினோரு பேர். பைகளை வராண்டாவில் வைக்கச் சொன்னேன். பெஞ்சுக்கு ஒருவராக உட்கார வைத்தேன். உள்ளங்கையைக்கூடத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். எழுதி முடிக்கும்வரை நாற்காலியில் உட்காரவில்லை. மேற்பார்வை என்று ஒன்று இருந்தால் அன்று நான் செய்ததுதான் மேற்பார்வை.

மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து திருத்தினேன். பத்துக் கட்டுரைகள் எல்லாக் கட்டுரைகளையும் போல இருந்தன. நீரின்றி எதுவும் இல்லை, நீர்நிலைகளைக் காப்போம், நன்றி, வணக்கம். பதினோராவது கட்டுரை தனியாகத் தெரிந்தது. எழுதியவள் ஜன்னலோரம் உட்காரும் பெண். கணக்கில் நாற்பதைத் தாண்டாதவள். அப்பா குவைத்தில் டிரைவர், அம்மா தையல் மெஷின் வைத்திருக்கிறார்.

அவள் கட்டுரையில் ஐந்து பத்திகள். முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும் செந்தமிழ். மழைக்காலத்தில் கண்மாய் கண் திறப்பதையும், மடையிலிருந்து புறப்படும் தண்ணீர் வயல் வயலாக வாசல் தட்டுவதையும் பற்றியவை. மற்ற மூன்றும் அவள் ஊர்க் கண்மாயைப் பற்றியவை. கரை உடைந்த வருடம், கருவேல முள் குத்திய அவள் தம்பியின் கால், போன சித்திரையில் நடந்த மீன்பிடித் திருவிழா. தண்ணீர் வற்றியதும் ஊர்த் தலைவரான அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் கச்சா வலையோடும், ஊத்தா என்கிற மூங்கில் கூடையோடும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். அவரவர் கையில் அகப்பட்டது அவரவருக்கு. அவள் அம்மா ஒரு விராலைப் பிடித்திருக்கிறார். அதை மாமா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனபோது வாசத்தை வைத்தே கண்டக்டர் எந்தக் கண்மாய் மீன் என்று கேட்டாராம். அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, நல்ல மீன் என்றாராம்.

சிவப்புப் பேனாவால் ஐந்து வரிகளுக்கு அடிக்கோடு போட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் அவள் பெயரைத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் அப்போதே மைக்கை எடுத்து, மதிய இடைவேளை முடிவதற்குள் பள்ளிக்கூடம் முழுவதும் கேட்கும்படி அறிவித்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கைத்தட்டல் கேட்டது.

அதன் பிறகுதான் நான் சாப்பிட்டேன். டிபன் பாக்ஸைக் கழுவ வராண்டா குழாய்க்குப் போனேன். சத்துணவு வாங்கப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிற இடம் அது. அந்தச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கட்டுரை தொங்குகிறது. நான்கு வருடங்களுக்கு முன்னால் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி பரிசு வாங்கிய கட்டுரை. மேலே, ‘பரிசு பெற்ற கட்டுரை. அனைவரும் படித்துப் பயன்பெறுக’ என்று ஒரு தலைப்பு. அந்த வழியாக நான் தினமும் போகிறேன். ஒருநாளும் படித்ததில்லை. அன்று குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தது. பாக்ஸ் நிறையும்வரை எதையாவது பார்க்க வேண்டுமே என்று பார்த்தேன்.

மழைக்காலத்தில் கண்மாய் கண் திறந்தது. தண்ணீர் வயல் வயலாக வாசல் தட்டியது.

இரண்டு பத்திகளும் அப்படியே இருந்தன. காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. நான் அடிக்கோடிட்ட ஐந்து வரிகளில் மூன்று அந்தச் சட்டத்துக்குள் இருந்தன.

நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். அவர் சுருக்கமாகப் பேசுகிறவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பார்த்து எழுதினாளா என்று கேட்டார். இல்லை, நான் கண் எடுக்காமல் நின்றேன் என்றேன். துண்டுத்தாள் வைத்திருந்தாளா என்றார். இல்லை என்றேன். பிறகு என்ன சார் என்றார். சொந்தப் படைப்பு என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமே மேடம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“போன டிசம்பர்ல கணித நாளுக்கு இதே பிள்ளை பேசிச்சே சார், மூணாவது பரிசு. ‘எண்கள்தான் என் தோழிகள்’னு. அந்தப் பேச்ச எழுதுனது யாரு?”

நான்தான் எழுதினேன். நான்கு பக்கம். கணக்கில் நாற்பதைத் தாண்டாத பெண் அதை மேடையில் ஏறி, கண்ணை அகல விரித்து, நான் நான் என்று சொல்லிப் பேசினாள். முன்வரிசையில் உட்கார்ந்து நான் கைதட்டினேன். பேச்சுப் போட்டி என்றால் எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் எழுதித் தருவார், பிள்ளை மனப்பாடம் செய்து பேசும். அதில் தப்பு இருப்பதாக இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கு ஓர் உறுதிமொழியும் இருந்ததில்லை. அது வேறு மேடம் என்றேன். எப்படி வேறு என்று தலைமையாசிரியை கேட்டுவிட்டார். திங்கட்கிழமை வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி.

அவர் குரலைத் தாழ்த்தி, பெயரை அறிவித்தாயிற்று, இப்போது இல்லை என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் உங்கள் கரும்பலகையில் எழுதியிருக்கிறது என்றார். ஊரில் அந்தப் பிள்ளையை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். நாளைக் காலை பத்து மணிக்குள் கட்டுரை வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். அதற்குள் நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கடைசிப் பீரியட் எனக்கு ஒன்பதாம் வகுப்பில். உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது கரும்பலகையின் மேல்மூலை. திங்கட்கிழமை எழுதியதை யாரும் அழிக்கவில்லை. நான்தான் அழிக்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். திருட்டு என்ற சொல்லின் கீழே கோடு தடிமனாக இருந்தது. அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழக்கத்துக்கு மாறாக, நான் போட்ட கணக்கை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். விடை தப்பு. அன்று அதைத் திருத்தவில்லை.

பள்ளி விட்டதும் அவளை இருக்கச் சொன்னேன். வராண்டாவில் அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே பேசினோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சட்டத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“ஆமா சார், இதுதான். ஆறாப்புலேர்ந்து தெரியும். சோத்துக்கு நிக்கிறப்பப் படிச்சது.”

முழுவதுமா என்று கேட்டேன். முழுவதும்தான் என்று சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒப்பிக்கத் தொடங்கினாள். நான்காம் வரியில் நிறுத்தச் சொன்னேன். திங்கட்கிழமை நான் சொன்னது நினைவிருக்கிறதா என்றேன். பிறர் எழுதியதைத் தன் பெயரில் எழுதுவது திருட்டு என்று அதையும் ஒப்பித்தாள். பிறகு இது என்ன என்று கேட்டேன்.

“நான் பாத்து எழுதல சார். நீங்கதான் பக்கத்துலயே நின்னீங்களே. பாத்து எழுதுனாத்தான காப்பி.”

பாராமல் எழுதினாலும் எழுதியது இன்னொருத்தி அல்லவா என்றேன். அவள் யோசித்தாள். நான் கேட்டதில் உண்மையிலேயே என்ன பிரச்சினை என்று கண்டுபிடிக்க முயல்கிறவள்போல நெற்றியைச் சுருக்கினாள். பிறகு, எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்கிற பொறுமையோடு பேசினாள்.

“சார், கண்மாயில மீன் பிடிச்சோம்ல. மீனு எல்லாருக்கும் பொதுதான். ஆனா யாரு கையில அகப்படுதோ அவங்களுது. எங்கம்மா வெரால் பிடிச்சப்ப யாரும் கேக்கல. இதும் எல்லாருக்கும் பொதுவாத்தான மாட்டிருக்கு, படிச்சுப் பயன்பெறுகன்னு. மத்தவளுக எல்லாம் சும்மா நின்னு கதை பேசுனாளுக. நான்தான் பிடிச்சேன்.”

என்னுடைய தேங்காய் உதாரணம் ஒரு தோட்டத்தில் நடந்தது. தோட்டத்துக்கு வேலி உண்டு, சொந்தக்காரர் உண்டு. அவளுடைய கண்மாய்க்கு வேலி இல்லை, துண்டை வீசியபிறகு சொந்தக்காரரும் இல்லை. துண்டை வீசியது யார் என்று பார்த்தால் எங்கள் பள்ளிக்கூடம்தான். அனைவரும் என்று எழுதி, ஆணி அடித்து மாட்டியது நாங்கள்.

அந்த நேரத்தில் அவள் அம்மா வண்டியில் வந்து இறங்கினார். செய்தி ஊருக்குள் போய்விட்டிருந்தது. கையில் ஒரு பையில் அதிரசம். “சார், நீங்க ஒரு வாயாவது சாப்பிடணும். இவ அப்பா லைன்ல இருக்காரு, ஒங்ககிட்டப் பேசணும்னாரு” என்று போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார். திரையில் ஒரு வேன் ஸ்டியரிங்கும் அதற்குப் பின்னால் வெயிலில் கறுத்த ஒரு முகமும். வணக்கம் சார் என்றார். வணக்கம் என்றேன். தான் பத்தாவதில் நின்றுவிட்டதாகவும், தன் வீட்டில் ஓர் ஆள் பெயர் மைக்கில் வருவது இதுதான் முதல் தடவை என்றும், எல்லாம் சார் தயவு என்றும் சொன்னார். என் தயவு ஒன்றுமில்லை என்றேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் அம்மாவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஏதோ புரிய ஆரம்பித்திருக்க வேண்டும். நான் போனில் என்ன சொல்வேனோ என்று பயந்த முகம் அது. நாளைக் காலை மணி அடிப்பதற்கு முன்னாலேயே வந்துவிடு, கட்டுரையில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதிரசத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அம்மா வண்டியைத் திருப்பும்போது மகளைப் பார்த்து, “என்ன ஆத்தா, மூஞ்சி இப்பவே வாடிருச்சு, மேடைக்குப் போனா அழுதுருவ போலருக்கே” என்று கிண்டல் செய்தார். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தமிழய்யாவுக்குப் போன் செய்தேன். சுவரில் இருக்கிற கட்டுரையை எழுதிய பழைய மாணவியின் போன் எண் அவரிடம் இருக்கும், அவளிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் சிக்கல் தீரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நான் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை அவர் ம் கொட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார்.

“தம்பி, அந்த ரெண்டு பத்தியும் நான் எழுதிக் குடுத்ததுய்யா. எந்தப் பிள்ளைக்கு நீர்நிலைன்னு தலைப்பு வந்தாலும் அதத்தான் குடுப்பேன். அதுலயும் வாசல் தட்டுறது இருக்கு பாருங்க, அது எங்க வாத்தியார் வாயில கேட்டது.”

அந்த வாத்தியாருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பரிசு வாங்கிய பெண்ணின் பெயர் நான்கு வருடமாகக் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதை எழுதிய அய்யாவோ, அந்தப் பிள்ளை நல்லாப் படிச்சு நர்ஸாயிருச்சு தம்பி என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருட்டு என்று கோடு போட்ட விஷயத்தில் பொருளைப் பறிகொடுத்தவர் யார் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அய்யா கடைசியாக, அந்தப் பிள்ளையை வையாதீங்க, எழுத்து அப்படித்தான் பழகும் என்றார். அது சரி என்றும் தோன்றியது. அது சரியில்லை என்றும் தோன்றியது.

என் மனைவி எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். இரண்டு பத்தியையும் எடுத்துவிட்டு அனுப்புங்களேன் என்றாள். போட்டியில் எழுதியதை, போட்டி முடிந்தபிறகு நான் வெட்டினால் அது யார் கட்டுரை என்றேன். அப்படியானால் அப்படியே அனுப்புங்கள் என்றாள். கையெழுத்துப் போட வேண்டுமே என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, நீங்கள் கணக்கு மட்டும் எடுத்துக்கொண்டு இருந்திருக்கலாம் என்றாள்.

நாட்குறிப்பை எடுத்தேன். நடந்ததை எழுதுவதில் சிரமம் இருக்கவில்லை. நாளைக்குச் செய்ய வேண்டியவை என்று பக்கத்தின் அடியில் எப்போதும் ஒரு வரி எழுதுவேன். அன்று அந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருட்டு என்று எழுதினால் தலைமையாசிரியையும் தமிழய்யாவும் நானும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறோம். திருட்டில்லை என்று எழுதினால் திங்கட்கிழமை வகுப்பு பொய்யாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருக்க வேண்டும். எனக்கு அது தெரியவில்லை. கணக்கில் இப்படி மாட்டிக்கொண்டால் கேள்வியை மறுபடி முதலிலிருந்து வாசிப்போம். வேறு வழி தெரியாமல், பையிலிருந்து அவள் கட்டுரையை எடுத்து மறுபடி வாசித்தேன்.

இந்த முறை செந்தமிழ்ப் பத்திகளைத் தாண்டிப் போனேன். முள் குத்திய தம்பியின் கால். வெள்ளைத் துண்டு. விரால். பஸ். கண்டக்டர் எந்தக் கண்மாய் மீன் என்று கேட்கிறார். அம்மா ஊர்ப் பெயரைச் சொல்கிறார். அவ்வளவுதான். சொன்னதால் மீன் கைவிட்டுப் போகவில்லை. வீட்டில் வளர்த்தது என்று அம்மா சொல்லவும் இல்லை.

அந்த வரியை இரண்டு மூன்று முறை வாசித்தேன். மதியம் அடிக்கோடிட்ட ஐந்தில் அது இல்லை. அப்போது அது எனக்குச் சாதாரண வரியாகப் பட்டிருக்கிறது. பேனாவை எடுத்து நாட்குறிப்பின் அடியில், ‘எந்தக் கண்மாய் என்று எழுதச் சொல்ல வேண்டும்’ என்று எழுதினேன். எழுதிய பிறகும் சந்தேகம் போகவில்லை. அப்படி எழுதினால் புதுக்கோட்டையில் என்ன நினைப்பார்கள்? ஒரு பெண் தானே முன்வந்து சொன்னதற்காகவே அவளைத் தள்ளிவிட மாட்டார்களா? மற்றப் பள்ளிகளிலிருந்து வருகிற கட்டுரைகளில் எத்தனை தமிழய்யாக்கள் இருப்பார்கள்? அவர்கள் யாரும் வாயைத் திறக்கப் போவதில்லை. திறக்கச் சொல்லி ஒரு பிள்ளையை மட்டும் முன்னால் தள்ளுவது நியாயம்தானா? விளக்கை அணைத்துப் படுத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. பள்ளிக்குள் வண்டியை நிறுத்தியபோது அவள் எனக்கு முன்னாலேயே வந்து, வராண்டாவில் அந்தச் சட்டத்துக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். நேற்று ராத்திரி அந்த இரண்டு பத்திகளை விட்டுவிட்டு மழையைப் பற்றி வேறு மாதிரி எழுதிப் பார்த்தாளாம், எப்படி ஆரம்பித்தாலும் கண் திறப்பதும் வாசல் தட்டுவதும் தானாக வந்து நின்றுவிடுகிறதாம். அது எனக்குப் பழக்கமாயிருச்சு சார் என்றாள்.

வராண்டா படியில் உட்காரச் சொல்லி, கட்டுரையை அவள் மடியில் வைத்தேன். அம்மாவிடம் கண்டக்டர் என்ன கேட்டார் என்றேன். சொன்னாள். அம்மா என்ன சொன்னார் என்றேன். சொன்னாள். இந்த இரண்டு பத்திகளையும் பற்றிக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்றேன். அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

அதை அப்படியே கட்டுரையின் கீழே எழுதிவிடு என்றேன். எழுதினால் பரிசு கிடைக்காமல் போகலாம், புதுக்கோட்டைக்குக் கூப்பிடாமலே இருக்கலாம், எனக்கு உறுதியாகத் தெரியாது என்பதையும் சொன்னேன். எழுத வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். வாத்தியார் ஒருவர் இத்தனை முறை தெரியாது என்று சொல்லி அவள் கேட்டிருக்க மாட்டாள். மடியிலிருந்த தாளின் ஓரத்தை விரலால் நீவினாள்.

“எழுதுனா திருடின்னு சொல்ல மாட்டாங்கள்ல சார்?”

“சொல்ல மாட்டாங்க.”

“நீங்க?”

“நானும் சொல்ல மாட்டேன்.”

என் சட்டைப் பையிலிருந்த நீலப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். யார் பெயரைப் போடுவது சார் என்றாள். கண்ணாடிக்குள் இருக்கிற பெயரையா, தமிழய்யா பெயரையா, அவருக்குச் சொன்ன வாத்தியார் பெயரையா என்று நானும் முந்தின இரவே யோசித்துக் களைத்திருந்தேன். உனக்கு எங்கே கிடைத்ததோ அதை மட்டும் எழுது என்றேன். முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும் எங்கள் பள்ளியில் சத்துணவு வரிசைச் சுவரில் படித்தவை, மற்றவை நான் எழுதியவை என்று நிறுத்தி நிறுத்தி எழுதினாள். எழுதி முடித்ததும், இவ்வளவுதானா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

உறுதிமொழித் தாளில் அவள் முதலில் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே நான் போட்டேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் வேறு ஒன்றில் கையெழுத்துப் போட்ட காலை அது ஒன்றுதான்.